ஸ்பிதி: கின்னௌர் வழியாக ஏறி, குன்சும் வழியாக இறங்குங்கள்

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போக இரண்டு சாலைகள். ஒன்று, சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டம் வழியாகச் சட்லெஜ் ஆற்றைப் பிடித்துக்கொண்டே போய்க் கீழ்ப்பக்கமாக நுழைவது. மற்றது, மணாலியிலிருந்து குன்சும் கணவாயைத் தாண்டி மேல்பக்கமாக இறங்குவது. மணாலி வழி ஏறத்தாழப் பாதித் தூரம்தான். விடியும் முன் கிளம்பினால் இருட்டுவதற்குள் காசா ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். விடுமுறை குறைவாக உள்ளவர்களை அந்த வழி இழுப்பதில் வியப்பில்லை. ஆனாலும் முதல் தடவை போகிறவர்கள் அந்த வழியாக ஏறவே கூடாது.

காரணம் உயரக் கணக்கு. மணாலி சுமார் 2,050 மீட்டர். குன்சும் கணவாய் 4,551 மீட்டர். காசா சுமார் 3,650 மீட்டர். ஒரே பகலில் இரண்டரை கிலோமீட்டர் செங்குத்தாக ஏறி இறங்கும் உடம்பு அன்றிரவே அதைச் சொல்லிக் காட்டும். இதைவிட மோசமானது, மணாலியை விட்ட முதல் இரவே சந்திரதால் ஏரிக்கு அருகில் உள்ள முகாமில் படுப்பது. அது 4,250 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் ஒவ்வொரு நாளும் படுக்கும் இடத்தின் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. சந்திரதால் கூடாரங்களில் நள்ளிரவில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பவர்களில் மிகப் பலர் முதல் நாள் மணாலியில் படுத்தவர்கள்.

கின்னௌர் வழி இந்த விதியைத் தானாகவே காப்பாற்றித் தரும். சிம்லா சுமார் 2,200, கல்பா சுமார் 2,900, தாபோ சுமார் 3,280, காசா 3,650, அதன்பின் லாங்சா 4,400. ஏற்றம் படிப்படியாக இருப்பதால் மேல்கிராமங்களுக்குப் போகும்போது உடம்பு பழகியிருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. ஆப்பிள் தோட்டமும் தேவதாரு மரமும் ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் வெறும் மண்ணும் பாறையும் மட்டுமாகும் மாற்றத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். இமயத்தின் முதுகுக்குப் பின்னால் பருவமழை எட்டாத நிலம் இது என்பது அப்போதுதான் முழுதாக உறைக்கும்.

நிர்வாகக் கணக்கில் இது லாஹௌல்-ஸ்பிதி மாவட்டம். இமாசலப் பிரதேசத்திலேயே பரப்பில் பெரியது, 13,841 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 31,564 மட்டுமே. தலைநகரான கேலாங், லாஹௌல் பக்கம் இருக்கிறது. குன்சும் பனியில் மூடிவிட்டால் காசாவில் உள்ளவர் தம் மாவட்டத் தலைநகருக்குப் போகக் கின்னௌர், சிம்லா, மணாலி என்று சுற்றிக்கொண்டு போக வேண்டும். வரைபடத்தில் ஒரே மாவட்டம், வாழ்க்கையில் இரண்டு.

எப்போது போகலாம்? குன்சும் பொதுவாக ஜூன் வாக்கில் திறந்து அக்டோபர் கடைசிக்குள் மூடிவிடும். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிதியில் மழை குறைவுதான், ஆனால் அங்கே போகும் வழியான கின்னௌரில் மலைச்சரிவு அடிக்கடி சாலையை மறிக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரைதான் நல்ல காலம். ஓடைகளில் தண்ணீர் வடிந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், வீட்டுக்காரர்களுக்கும் அறுவடை முடிந்து பேச நேரம் இருக்கும். இரவில் குளிர் பூஜ்யத்தைத் தொடும் என்பதால் அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளும் உடைகள் வேண்டும். எந்த மாதமானாலும் மொத்தத் திட்டத்தில் இரண்டு நாளை வெறுமையாக விட்டு வையுங்கள். சாலை அடைபடுவது அங்கே அன்றாடம். டெல்லியிலிருந்து ஊர் திரும்பும் ரயிலையோ விமானத்தையோ கடைசி நாளோடு ஒட்டிப் பதிவு செய்தவர்கள்தான் மூடிய சாலையில் பதறுகிறார்கள்.

சிம்லாவிலிருந்து முதல் நாள் நார்கண்டா வழியாக ராம்பூருக்கு இறங்குவீர்கள். அது சுமார் 1,000 மீட்டர்தான், வெயில் கொளுத்தும். கனமான சட்டைகளை அடியில் வைத்துவிடலாம். அங்கிருந்து சட்லெஜ் குடைந்த பள்ளத்தாக்கில், பாறையைக் குகைபோல வெட்டி எடுத்த சாலையில் ஏறி ரெக்காங் பியோ. அதற்கு மேல் கல்பா. கல்பாவில் இரண்டு இரவு தங்குங்கள். எதிரில் கின்னர் கைலாசம், பக்கத்தில் 6,473 மீட்டர் உயர ஜோர்கண்டன். இரண்டாம் நாள் பக்கத்துக் கிராமமான ரோகிக்கு ஆப்பிள் தோட்டங்களின் ஊடே நடந்து வருவது, உயரத்துக்குப் பழக நல்ல பயிற்சி. சுதந்திர இந்தியாவின் முதல் வாக்காளர் என்று அறியப்பட்ட ஷ்யாம் சரண் நேகியின் ஊர் கல்பாதான். பனி விழுந்தால் வாக்குச்சாவடிக்கு வர முடியாது என்பதால் நாட்டின் மற்ற பகுதிகளுக்கு முன்பே, 1951 அக்டோபரில், இங்கே வாக்குப்பதிவு நடந்தது.

இந்தியக் குடிமக்களுக்கு இந்தப் பாதையில் அனுமதிச் சீட்டு எதுவும் தேவையில்லை, அடையாள அட்டை போதும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் கடவுச்சீட்டில் வரும் தமிழர்கள் கவனிக்க வேண்டும். ரெக்காங் பியோவுக்கும் தாபோவுக்கும் இடையில் சாலை திபெத் எல்லையை ஒட்டிப் போவதால் வெளிநாட்டவருக்கு அனுமதிச் சீட்டு அவசியம். ரெக்காங் பியோவிலேயே வாங்கலாம். அரசு அலுவலகம் என்பதால் ஞாயிறும் விடுமுறை நாளும் பார்த்துக்கொண்டு போய்ச் சேருங்கள்.

ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு அரசுப் பேருந்து அதிகாலையில் கிளம்பும். சுமார் 200 கிலோமீட்டர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். முதல் நாள் மாலையே பேருந்து நிலையம் போய் மறுநாள் வண்டி உண்டா, எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். சொந்த வண்டி என்றால் பியோவுக்குக் கீழே போவாரியில் எரிபொருளை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்து நம்பிப் போகத்தக்க பங்க் காசாவில்தான். காசாவை விட்டால் மணாலிப் பக்கம் குன்சும் கணவாயைத் தாண்டியும் நெடுந்தூரத்துக்கு எதுவும் இல்லை. கார்புரேட்டர் வைத்த பழைய பைக்குகள் 4,000 மீட்டரில் காற்று போதாமல் திணறி, புகை கக்கி, ஏற்றத்தில் நின்றுவிடும். எரிபொருளை ஊசிமுனையால் செலுத்தும் புதிய எஞ்சின்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

காப் என்ற இடத்தில் திபெத்திலிருந்து வரும் சட்லெஜும் ஸ்பிதி ஆறும் கூடுகின்றன. அதுவரை துணைக்கு வந்த சட்லெஜ் வலப்பக்கம் பிரிந்துவிட, சாலை வளைந்து வளைந்து நாகோவுக்கு ஏறும். நாகோ 3,660 மீட்டர், தாபோவைவிட உயரம். அதனால் நாகோவில் சற்று நின்று, ஏரியையும் பழைய மண் கோயில்களையும் பார்த்துவிட்டு, இரவு தாபோவில் படுப்பது நல்லது. ஏறி இறங்கிப் படுக்கும்போது உடம்பு எளிதாகப் பழகும். நாகோவை அடுத்த மாலிங் ஓடைப் பகுதியில் மேலிருந்து கல் உருளும். வெயில் ஏற ஏறப் பனி இளகி மண் பிடி தளர்வதால் பிற்பகலில் ஆபத்து கூடும். காலையில் தாண்டிவிடுவதுபோல் நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

சும்தோவில் சோதனைச்சாவடி. அங்கிருந்து ஸ்பிதி. பக்கத்தில் கியூ என்னும் கிராமம், 1975 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளிப்பட்ட, சுமார் 500 ஆண்டுப் பழமையான துறவியின் உடல் உட்கார்ந்த நிலையில் அங்கே காக்கப்படுகிறது. ஊர் மக்களுக்கு அவர் காவல் தெய்வம். அந்த எண்ணத்தோடு போனால் போகலாம், செல்ஃபி எடுக்கவென்றால் வேண்டாம்.

தாபோவை அவசரப்படாமல் பாருங்கள். பலர் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு காசாவுக்கு ஓடுகிறார்கள், பெரிய இழப்பு அது. 996இல் மேற்குத் திபெத்தின் குகே அரசர் யேஷே ஓ நிறுவிய மடாலயம். வெளியே பார்த்தால் ஜன்னலில்லாத மண் கட்டடங்கள். உள்ளே கூடத்தின் நான்கு பக்கச் சுவரிலும் ஆள் உயரத்துக்கு மேல் 32 சுதைத் தெய்வங்கள் சுவரைவிட்டு வெளியே மிதப்பதுபோல் அமர்ந்திருக்கின்றன. அவற்றுக்குக் கீழே ஆயிரம் ஆண்டுப் பழைய ஓவியங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. வெளிச்சம் மேலே உள்ள சிறு திறப்பு வழியாக மட்டும்தான். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பிறகு காவல் இருக்கும் துறவியிடம் கேட்டுக்கொண்டு சிறு டார்ச்சைச் சுவரில் நேராக அடிக்காமல் சாய்வாகக் காட்டிப் பாருங்கள்.

அந்தச் சுவர்களில் ஓடும் கதைகளில் ஒன்று, கண்டவியூக சூத்திரம் என்ற பௌத்த நூல் சொல்லும் சுதனன் என்ற வணிகர் மகனின் யாத்திரை. ஞானம் தேடும் அவன் ஒரு குருவிடமிருந்து அடுத்த குருவிடம் என்று தெற்கு நோக்கிப் போகிறான். வழியில் திராவிட நாட்டு மேகன் என்ற குருவையும், பொதலக மலையில் அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரையும் சந்திக்கிறான். அந்தப் பொதலகத்தை நம் பொதிகை மலையோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. திபெத் எல்லையில், 3,280 மீட்டர் உயரத்தில், தெற்கு நோக்கிப் போகும் பயணத்தைத் தீட்டி வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்து பார்க்கிறவருக்கு அந்தச் சுவர் வேறுவிதமாகத் தோன்றும்.

மழையே பெய்யாது என்ற நம்பிக்கையில் கட்டிய தட்டை மண்கூரைகள் இவை. மழை பிடித்துப் பெய்யும் ஆண்டுகளில் கூரை ஊறி, ஓவியங்களின்மேல் சேறு வழிகிறது. அந்தக் கறைகளை இப்போதும் பார்க்கலாம். சுவரைத் தொடாதீர்கள், சாயாதீர்கள், முதுகுப்பையை வெளியே வைத்துவிடுங்கள்.

தாபோவுக்கும் காசாவுக்கும் நடுவே, சிச்லிங் அருகில் வலப்பக்கம் பிரியும் எட்டு கிலோமீட்டர் ஏற்றம் தன்கருக்குப் போகிறது. ஸ்பிதியின் பழைய தலைநகர். ‘பின்’ என்ற ஆறும் ஸ்பிதி ஆறும் கூடும் இடத்துக்கு நேர் மேலே, அரித்துக் கூம்பு கூம்பாக நிற்கும் மண்பாறை முனையில் பழைய மடாலயம் தொற்றிக்கொண்டிருக்கிறது. உலக நினைவுச்சின்ன நிதியம் 2006இல் அழிவின் விளிம்பில் உள்ள 100 இடங்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. அறைகள் குறுகலானவை, அடியில் உள்ள மண் கரைந்துகொண்டிருக்கிறது. கூட்டமாக ஏறாமல் நாலைந்து பேராகப் போய் வாருங்கள். ஊரிலிருந்து அதற்கு மேலே உள்ள ஏரிக்கு ஒன்றரை மணி நேர நடை. மூச்சு எப்படி இருக்கிறது என்று சோதித்துக்கொள்ள அந்த ஏற்றமே போதும்.

மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடலாம். லேசான தலைவலி, பசியின்மை, அடிக்கடி விழிப்பு ஆகியவை வந்தால் அன்று மேலே ஏறாமல் அதே உயரத்தில் இருந்து தண்ணீரும் சூப்பும் குடியுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது, இரண்டும் இரவில் மூச்சை மந்தமாக்கும். நேர்கோட்டில் குதிகால் விரலைத் தொட அடிமேல் அடி வைத்து நடக்கச் சொல்லிப் பாருங்கள். தள்ளாடினால், பேச்சு குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், உடனே கீழே இறக்க வேண்டும், நள்ளிரவானாலும் சரி. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். காசாவில் நோய்ப்பட்டவரை ‘கிட்டத்தில் உள்ள பெரிய ஊர்’ என்று மணாலிப் பக்கம் கொண்டு போகிறார்கள். அந்த வழியில் முதலில் 4,551 மீட்டர் உயரக் கணவாய்க்கு ஏற வேண்டும். காசாவிலிருந்து இறக்கம் என்பது தாபோ, சும்தோ, ரெக்காங் பியோ திசை மட்டுமே. காசா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்து நிலைப்படுத்திக்கொண்டு அந்தப் பக்கம் இறங்குங்கள். முன்தடுப்பாக அசெட்டசோலமைடு 125 மில்லிகிராம் காலை மாலை, ஏற்றத்துக்கு முந்தைய நாளிலிருந்து என்பது வழக்கமான அளவு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆகாது என்பதால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டதால் வேகமாக ஏறலாம் என்று நினைக்க வேண்டாம்.

காசா ஒரு கடைத்தெரு ஊர். ஏடிஎம் உண்டு, ஆனால் மின்சாரமோ இணைப்போ போனால் அதுவும் ஓய்ந்துவிடும். அலைபேசிப் பணப் பரிமாற்றமும் அப்படியே. முழுப் பயணத்துக்குமான ரொக்கத்தைச் சிம்லாவிலேயே எடுத்து வையுங்கள். மேல்கிராமங்களுக்குப் பேருந்து அரிது. டாக்சி சங்கம் சுற்றுகளுக்கு விலை நிர்ணயித்திருக்கிறது, ஒரே வண்டியில் பலராகச் சேர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும்.

காசாவில் ஒரு நாள் உலவிப் பழகிய பிறகு மேலே ஏறுங்கள். 4,166 மீட்டரில் கீ மடாலயம், அதற்கு மேல் கிப்பர், கிப்பரிலிருந்து ஆழமான பிளவைத் தாண்டும் சிச்சம் பாலம். 2017இல் பாலம் திறக்கும்வரை கம்பியில் தொங்கும் தொட்டிலில் உட்கார்ந்து கையால் இழுத்துக்கொண்டுதான் ஊர்க்காரர்கள் போனார்கள். இன்னொரு பக்கம் லாங்சா, ஹிக்கிம், கோமிக். உலகின் மிக உயரமான அஞ்சலகங்களில் ஒன்றான ஹிக்கிம் அஞ்சலகத்திலிருந்து வீட்டுக்கு ஒரு கார்டு போடாமல் யாரும் வருவதில்லை.

லாங்சாவில் சிறுவர்கள் கையில் சுருள் வடிவக் கற்களை நீட்டுவார்கள். டெதிஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் உயிரிகளின் கல்லுருக்கள் அவை. இமயம் எழுவதற்கு முன் இந்த நிலம் கடலடி. நேபாளத்தில் கண்டகி ஆற்றங்கரையில் கிடைத்து நம் வீட்டுப் பூஜையறைகளுக்கு வரும் சாளக்கிராமமும் இதே இன உயிரியின் கல்லுருதான். வாங்காதீர்கள், எடுத்தும் வராதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை சரிவுகளைத் தோண்டுவார்கள், அதற்காகப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தையும் விடுவார்கள்.

இந்தக் கிராமங்களில் ஓட்டலைத் தேடாமல் வீட்டில் தங்குங்கள். அப்போதுதான் தண்ணீர் எப்படி ஊரை நடத்துகிறது என்று தெரியும். பனி உருகும் ஓடையிலிருந்து மைல் கணக்கில் வெட்டி வரும் ‘குல்’ என்னும் கால்வாய்தான் ஒவ்வொரு ஊருக்கும் உயிர். யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது என்ற முறை தலைமுறை தலைமுறையாக வருகிறது. ஆண்டுக்கு ஒரே போகம்தான், பார்லியும் பச்சைப் பட்டாணியும் உருளைக்கிழங்கும். பட்டாணிதான் கையில் காசு தரும் பயிர். இவ்வளவு குறைந்த நீரில் நிலத்தைத் துண்டாடினால் யாருக்கும் மிஞ்சாது என்பதால் மூத்த மகனுக்கே வீடும் வயலும் என்பது மரபு. அந்தப் பெரிய வீடு ‘காங்சென்’. மகன் பொறுப்பேற்றதும் பெற்றோர் ‘காங்சுங்’ எனும் சிறிய வீட்டுக்கு மாறிவிடுவார்கள். இளைய மகன்கள் மடாலயத்துக்குப் போனார்கள். ஆளில்லாத இந்த நிலத்தில் இத்தனை பெரிய மடாலயங்கள் எப்படி நிரம்பின என்பதற்கு விடை இந்தக் கால்வாயில் இருக்கிறது.

வீட்டுக் கழிப்பறை பெரும்பாலும் உலர் கழிப்பறை. மாடி அறையில் மண் பரப்பிய தரை, நடுவில் ஒரு துளை, மூலையில் மண்வெட்டி. முடிந்ததும் மண்ணையும் சாம்பலையும் தள்ளிவிட வேண்டும். அது மக்கி வசந்தத்தில் வயலுக்கு எருவாகும். நம் வழக்கப்படி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினால் மக்காமல் அழுகி நாறும், எரு கெட்டுப்போகும். காகிதத்தைப் பயன்படுத்தி, கழுவியே ஆக வேண்டுமென்றால் ஒரு சிறு குவளையோடு நிறுத்துங்கள். தினமும் வெந்நீர்க் குளியல் கேட்பதும் வேண்டாம். பெரும்பாலும் அந்த நீரைச் சூடாக்குவது கூரைமேல் அடுக்கிய வறட்டியும் விறகும்தான், அது அவர்களுடைய குளிர்காலச் சேமிப்பு.

சாப்பாட்டில் துக்பா (நூடுல்ஸ் சூப்), மோமோ, திங்மோ (ஆவியில் வெந்த ரொட்டி), ராஜ்மா சோறு கிடைக்கும். 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பிரஷர் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது, பருப்பும் அப்படியே. வறுத்து அரைத்த பார்லி மாவான சம்பா இந்த மலைக்கு ஏன் பொருந்தியது என்று இதிலிருந்து புரியும். வெண்ணெய்த் தேநீரில் பிசைந்தால் போதும், வேக வைக்கவே வேண்டாம். உப்புப் போட்ட அந்தத் தேநீரை இனிப்பு டீ என்று எண்ணாமல் சூப் என்று எண்ணிக் குடித்தால் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் அங்கே கட்டியாகிவிடும். உதட்டுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் வாசலின் கொண்டு போங்கள், வறண்ட காற்றில் மூக்கில் ரத்தம் கசிவது சாதாரணம்.

சந்திக்கும் எவரிடமும் ‘ஜூலே’ என்று சொல்லுங்கள். ஸ்தூபியையும், மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிக்கற்சுவரையும் எப்போதும் வலப்பக்கம் வைத்தே கடக்க வேண்டும், நம் கோயில் பிரதட்சணம் போலவே. வயலோரக் கால்வாய்களை மிதித்து உடைக்காதீர்கள்.

நேரம் இருந்தால் ‘பின்’ ஆற்றின் பள்ளத்தாக்கில் முத் கிராமம்வரை போய் ஓர் இரவு தங்கலாம். மற்ற பெரிய மடாலயங்களைப் போலன்றி அங்கே திபெத்திய பௌத்தத்தின் பழைய பிரிவான நியிங்மா மரபு, வயிற்றின் மேல் கல்லை வைத்து உடைக்கும் சடங்கு செய்யும் புச்சென்கள் அந்தப் பக்கத்தவர்கள்.

திரும்புவது குன்சும் வழியாக. காசாவிலிருந்து லோசர்வரை சாலை பரவாயில்லை. லோசரில் (4,080 மீட்டர்) அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, கணவாய் உச்சியில் வண்டிக்காரர்களோடு தேவி கோயிலைச் சுற்றிவிட்டு இறங்குங்கள். இந்தத் திசையில் வருகிறவர்களுக்குச் சந்திரதாலில் தங்குவது சிரமமில்லை, உடம்பு 4,000 மீட்டர் இரவுகளை ஏற்கெனவே கண்டிருக்கும். 2005 முதல் உலக ஒப்பந்தப்படி காக்கப்படும் ராம்சார் ஈரநிலம் என்பதால் ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கக் கூடாது, தள்ளியே முகாம்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து நடந்துதான் ஏரி.

கணவாய்க்குக் கீழே உள்ள பட்டலிலிருந்து, மணாலிச் சாலையில் சேரும் கிராம்பூவரை சுமார் 50 கிலோமீட்டர், தேசிய நெடுஞ்சாலை 505 என்பது பெயரளவில்தான். உருண்டைக் கற்களின் மேல் போக வேண்டிய பகுதிகளுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். சாலையின் குறுக்கே பனியாற்று ஓடைகள் ஓடும். இரவில் உறைந்து காலையில் கணுக்கால் அளவில் இருக்கும் தண்ணீர், வெயில் ஏறி மேலே பனி உருகி வந்து சேர்ந்ததும் பிற்பகலில் முழங்காலைத் தாண்டும், அடியில் கல்லும் இடம் மாறியிருக்கும். ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் எல்லா ஓடையையும் தாண்டிவிடலாம். பைக்கில் வருகிறவர்கள் ஒருவர் இறங்கி நடந்து ஆழம் பார்த்தபின் முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், நடுவில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். நின்றுவிட்டால் புகைக்குழாயில் தண்ணீர் புகும். தண்ணீர் ஏறிவிட்ட பிறகு வந்து சேர்ந்தால் பட்டலிலோ வழியில் உள்ள சத்ரு என்ற இடத்திலோ படுத்து மறுநாள் காலையில் தாண்டுங்கள். ஆரம்பத்தில் வெறுமையாக விட்டு வைக்கச் சொன்ன இரண்டு நாளில் ஒன்று பெரும்பாலும் இங்கேதான் செலவாகும்.